சீசன் பாதியில் கோச்சை ஏன் மாற்றுகிறார்கள்? சென்னையின் எஃப்சி கணக்கைப் பிரித்துப் பார்த்தால்...

கம்மாபுரம் பக்கம் பொங்கல் வந்தால் டென்னிஸ் பால் டோர்னமென்ட் இல்லாமல் இருக்காது. நான் காலேஜ் முதல் வருஷம் படித்தபோது எங்கள் டீம் லீக் சுற்றில் முதல் இரண்டு மேட்ச்சையும் தோற்றது. அன்று மதியமே டீக்கடையில் உட்கார்ந்து கேப்டனை மாற்றினோம். கேப்டனாக இருந்த அண்ணன் நெய்வேலி சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்காமல் நேராக கிரவுண்டுக்கு வந்திருந்தார். அடுத்த மேட்ச்சில் ஜெயித்தோம். புது கேப்டனைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினோம்.

பழைய கேப்டன் மட்டும் பேட்டைப் பையில் போட்டுக்கொண்டே சொன்னார்: "அவனுங்க ஒம்போது பேரோட வந்திருக்கானுங்கடா. இன்னைக்கு யார் கேப்டனா இருந்தாலும் ஜெயிச்சிருப்போம்."

பதவி போன கடுப்பில் பேசுகிறார் என்றுதான் அப்போது நினைத்தேன். பிறகு சென்னையின் எஃப்சியின் 2019-20 சீசன் முடிவுகளை ஒரு நாள் வரிசையாக எழுதிப் பார்த்தபோது, அண்ணன் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை இருப்பது புரிந்தது. மீதிப் பாதி என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

13 தோல்விக்குப் போகாத வேலை, 3 தோல்விக்குப் போனது

ஜான் கிரிகரி. இங்கிலாந்துக்காரர். 2017-18 ஐஎஸ்எல் சீசனில் சென்னையின் எஃப்சிக்கு கோப்பையை வாங்கிக்கொடுத்த கோச். பெங்களூருவில் நடந்த இறுதிப் போட்டியில் பெங்களூரு எஃப்சியையே 3-2 என்று வீழ்த்தினார்கள்.

அடுத்த சீசன், அப்படியே தலைகீழ். 18 ஆட்டங்களில் 2 வெற்றி, 3 டிரா, 13 தோல்வி. மொத்தம் 9 பாயின்ட். 10 அணிகளில் கடைசி இடம். சாம்பியன் அணிக்கு இதைவிட மோசமான வருஷம் வர முடியாது. ஆனால் கிரிகரியை யாரும் அனுப்பவில்லை. சீசன் முடிந்த பிறகும் அவர்தான் கோச். அந்த ஏப்ரலில் சூப்பர் கோப்பை இறுதிவரை அணி போனது ஓரளவுக்கு அவரைக் காப்பாற்றியது என்று சொல்லலாம்.

2019-20 சீசன் தொடங்குகிறது. கோவாவிடம் 0-3. மும்பையுடன் 0-0. ஏடிகேவிடம் 0-1. பெங்களூருவிடம் 0-3. நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை! ஐந்தாவது ஆட்டத்தில் ஹைதராபாத்தை 2-1 என்று வென்றார்கள். ஆறாவதில் ஒடிசாவுடன் 2-2. அதாவது நிலைமை கொஞ்சம் தேறுகிற மாதிரி தெரிகிறது. அந்த நேரத்தில், நவம்பர் கடைசியில், கிளப்பும் கிரிகரியும் பிரிகிறார்கள். ஆறு ஆட்டம், ஒரு வெற்றி, இரண்டு டிரா, மூன்று தோல்வி, 5 பாயின்ட். முந்தைய சீசனில் 13 தோல்விக்குப் பிறகும் நிலைத்த வேலை, இந்த முறை 3 தோல்வியில் முடிந்துவிட்டது.

டிசம்பர் முதல் வாரத்தில் ஓவன் கோய்ல் வந்தார். இங்கிலாந்து பிரீமியர் லீகில் பர்ன்லி, போல்டன் அணிகளுக்கு கோச்சாக இருந்தவர். அவர் பொறுப்பில் 12 லீக் ஆட்டங்கள்: 7 வெற்றி, 3 டிரா, 2 தோல்வி, 24 பாயின்ட். அணி நான்காவது இடம் பிடித்து அரையிறுதிக்குப் போனது. அங்கே கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று தாண்டியது. 2020 மார்ச் 14, கோவிட் காரணமாக ஆளே இல்லாத ஃபட்டோர்டா ஸ்டேடியத்தில் இறுதிப் போட்டி. ஏடிகே 3-1 என்று ஜெயித்தது. கோப்பை வராவிட்டாலும், மூழ்கிக்கொண்டிருந்த டீமை இறுதிவரை இழுத்து வந்த கதையாக அது நின்றுவிட்டது.

ஒரு ஆட்டத்துக்கு 0.83 பாயின்ட் எடுத்த அணி, கோச் மாறியதும் 2 பாயின்ட் எடுக்கிறது. ஓனர்களுக்கு வேறென்ன ஆதாரம் வேண்டும்?

கொஞ்சம் பொறுங்க... யாரோடு ஆடினார்கள்?

கிரிகரியின் முதல் நான்கு எதிரணிகள் அந்த சீசன் முடிவில் எந்த இடத்தில் இருந்தன என்று பாருங்கள். கோவா முதலிடம். மும்பை ஐந்து. ஏடிகே இரண்டு. பெங்களூரு மூன்று. லீகின் முதல் மூன்று அணிகளையும் முதல் நான்கு ஆட்டங்களுக்குள்ளேயே சந்தித்துவிட்டார் மனுஷன். பட்டியலின் கடைசி நான்கு அணிகளில் (கேரளா, ஜாம்ஷெட்பூர், நார்த்ஈஸ்ட், ஹைதராபாத்) அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு ஆட்டம். அதில் அவர் ஜெயித்தார்.

கோய்லுக்கு அதே கடைசி நான்கு அணிகளோடு ஏழு ஆட்டங்கள் கிடைத்தன. அதில் 5 வெற்றி, 2 டிரா. அவர் எடுத்த 24 பாயின்ட்டில் 17 அங்கிருந்து வந்தவைதான்.

அப்படியென்றால் கோய்ல் ஒன்றுமே செய்யவில்லையா? அதுவும் இல்லை. அந்த சீசன் ஐஎஸ்எல்லில் ஒவ்வொரு அணியோடும் இரண்டு முறை ஆட வேண்டியிருந்தது. கிரிகரி சந்தித்த அந்த ஆறு அணிகளையும் கோய்லும் ஒருமுறை சந்தித்தார். ஒப்பிடுவதற்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்காது. அதே ஆறு அணிகளிடம் கிரிகரி எடுத்தது 5 பாயின்ட், கோய்ல் எடுத்தது 10. கிரிகரி காலத்தில் அடித்தது 4 கோல், வாங்கியது 10. கோய்ல் காலத்தில் அடித்தது 10, வாங்கியது 8. இதில் கிரிகரிக்கு நான்கு ஆட்டங்கள் சென்னையில், கோய்லுக்கு நான்கு ஆட்டங்கள் வெளியூரில்.

ஆக, முன்னேற்றம் நிஜம்தான். ஆனால் பாயின்ட் டேபிளை மேலோட்டமாகப் பார்த்தால் தெரிகிற அளவுக்குப் பெரியது இல்லை. ஆறு ஆட்டம் என்பது ரொம்பச் சின்னக் கணக்கும்கூட. இரண்டு ஷாட் போஸ்ட்டில் பட்டுத் திரும்பினால் கதையே மாறிவிடும்.

கோல் எண்ணிக்கை வேறு ஒன்றையும் காட்டுகிறது. முன்வரிசையில் வால்ஸ்கிஸ், நடுவில் கிரிவெல்லாரோ என்று முக்கிய ஆட்களெல்லாம் கிரிகரி காலத்திலேயே டீமில் இருந்தவர்கள்தான். வால்ஸ்கிஸ் அந்த சீசனை 15 கோல்களோடு கோல்டன் பூட் வாங்கி முடித்தார். நான்கு ஆட்டம் கோலே அடிக்காத டீமில், லீகின் டாப் ஸ்கோரர் இருந்திருக்கிறார்! இங்கேதான் கோய்லுக்கு முழு மார்க் கொடுக்கலாம். அவருடைய அணி மேலேறி ஆடியது, நான்கு வாங்கினாலும் மூன்று அடித்தது. இருக்கிற ஆட்களுக்குப் பொருந்துகிற ஆட்டமுறை அதுதான்.

கோச்சை மட்டும் ஏன் மாற்றுகிறார்கள்?

ரொம்ப சிம்பிளான காரணம்: சீசன் நடுவில் வேறு எதையும் பெரிதாக மாற்ற முடியாது.

டிரான்ஸ்ஃபர் விண்டோ மூடிவிட்டால் புது ஆட்டக்காரரை எடுக்க முடியாது. இருபத்தைந்து பேரை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பவும் முடியாது. எல்லோருக்கும் ஒப்பந்தம் இருக்கிறது. தப்பான ஆட்களை வாங்கிய நிர்வாகம் தன்னைத் தானே நீக்கிக்கொள்ளாது. ரசிகர்களையும் மாற்ற முடியாது. மிச்சம் இருப்பது ஒரே ஒரு நாற்காலி. ஒப்பந்தத்தில் மீதியுள்ள காலத்துக்கு இழப்பீடு பேசிக் கொடுத்தால் ஒரே நாளில் காலி செய்துவிடலாம். அறிவிப்பில் பெரும்பாலும் 'நீக்கினோம்' என்று இருக்காது. 'பரஸ்பர சம்மதத்தோடு பிரிகிறோம்' என்றுதான் இருக்கும். ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்த மொழி நன்றாகவே பழக்கம்.

ஐரோப்பாவில் இதற்கு மேல் ஒரு பயம் உண்டு: ரிலிகேஷன். கடைசி இடங்களில் முடித்தால் அடுத்த வருஷம் கீழ் லீகில் ஆட வேண்டும். டிவி பணம் சரியும், நல்ல ஆட்டக்காரர்கள் கிளம்பிவிடுவார்கள். கோச்சுக்குக் கொடுக்கும் இழப்பீடு அந்த நஷ்டத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. லெஸ்டர் சிட்டி நினைவிருக்கிறதா? 2016இல் யாருமே எதிர்பார்க்காமல் பிரீமியர் லீகை வென்றது. அந்த சாதனையின் கோச் கிளாடியோ ராணியேரி. ஒன்பது மாதம்தான். 2017 பிப்ரவரி 23 அன்று அவரை நீக்கினார்கள். அணி அப்போது ரிலிகேஷன் கோட்டுக்கு ஒரே ஒரு பாயின்ட் மேலே இருந்தது. உதவியாளர் கிரெய்க் ஷேக்ஸ்பியர் பொறுப்பேற்றதும் தொடர்ந்து ஐந்து லீக் வெற்றிகள். அணி 12வது இடத்தில் முடித்தது. (அந்த ஐந்து எதிரணிகளில் ஹல், சண்டர்லேண்ட் இரண்டும் அந்த வருஷமே கீழ் லீகுக்கு இறங்கியவை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.) கோடையில் ஷேக்ஸ்பியருக்கு நிரந்தரப் பதவி கொடுத்தார்கள். அக்டோபரில் அவரையும் அனுப்பிவிட்டார்கள்.

2019-20இல் ஐஎஸ்எல்லில் ரிலிகேஷன் கிடையாது. கடைசி இடம் வந்தாலும் அடுத்த வருஷம் அதே லீக்தான். அப்புறம் ஏன் அவசரம்? ஸ்டேடியத்தில் கூட்டம் குறைகிறது, ஸ்பான்சர்கள் கேள்வி கேட்கிறார்கள், சோஷியல் மீடியாவில் தினமும் திட்டு விழுகிறது. ஏதாவது செய்தாக வேண்டும் என்ற நெருக்கடி ஓனர்களுக்கு.

இந்த 'ஏதாவது செய்தாக வேண்டும்' என்பதைப் பற்றி இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. 286 பெனால்டி கிக்குகளை எடுத்துப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட முறை கோல்கீப்பர் இடது பக்கமோ வலது பக்கமோ பாய்ந்திருந்தார். நடுவில் அப்படியே நின்றிருந்தால் தடுக்கும் வாய்ப்பு அதிகம் என்றுதான் கணக்கு சொன்னது. ஆனால் நின்றுகொண்டே கோல் வாங்கினால் 'சும்மா நின்னான் பாரு' என்பார்கள். பாய்ந்து கோல் வாங்கினால் 'பாவம், முயற்சி பண்ணான்' என்பார்கள். ஆறு தோல்விக்குப் பிறகும் அமைதியாக இருக்கும் ஓனர், நடுவில் நிற்கிற கோல்கீப்பர் மாதிரி. நின்றது சரியாகவே இருந்தாலும் திட்டு நிச்சயம்.

மாற்றினால் உண்மையில் வேலை செய்கிறதா?

நெதர்லாந்து பொருளாதார ஆய்வாளர் பாஸ் டெர் வீல், 1986 முதல் 2004 வரையிலான அந்நாட்டு கால்பந்து லீக் முடிவுகளை வைத்து இதைச் சோதித்தார். கோச்சை நீக்குவதற்கு முன் அணி சரிகிறது. நீக்கிய பிறகு மேலே வருகிறது. எல்லோர் கண்ணுக்கும் தெரிவது இவ்வளவுதான். அவர் அதே மாதிரி சரிந்தும் கோச்சை மாற்றாமல் விட்ட தருணங்களையும் தனியாக எடுத்துப் பார்த்தார். அந்த அணிகளும் கிட்டத்தட்ட அதே போல மேலே வந்திருந்தன.

காரணம் மர்மமானது ஒன்றும் இல்லை. தன் வழக்கமான தரத்தைவிட ரொம்பக் கீழே போன எந்த அணியும் சில வாரத்தில் வழக்கமான தரத்துக்குத் திரும்பும். காயம்பட்டவர்கள் வருவார்கள், கடினமான எதிரணிகள் முடிந்துபோகும், போஸ்ட்டில் பட்ட பந்து உள்ளே போகும். கோச்சை மாற்றுவதோ சரியாகப் பள்ளத்தின் அடியில் இருக்கும்போது. அங்கிருந்து மேலேதானே போக முடியும்? ஜுரம் உச்சத்தில் இருக்கும்போது எந்த மருந்தைக் கொடுத்தாலும், மறுநாள் இறங்கினால் மருந்துக்குத்தான் பேர்.

இதே கிளப்பில் மறுபக்கமும் இருக்கிறது. 2021-22 சீசனில் கோச் பொசிதர் பாண்டோவிச். 16 ஆட்டங்களில் 19 பாயின்ட். 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 0-5 என்று தோற்றதும் அவரை நீக்கினார்கள். முன்னாள் இந்திய வீரர் சையத் சாபிர் பாஷா இடைக்கால கோச் ஆனார். மீதி இருந்தது நான்கே ஆட்டம். ஒடிசாவுடன் 2-2 டிரா. ஜாம்ஷெட்பூர், ஏடிகே மோகன் பகான், கேரளா மூன்றிடமும் தோல்வி. அணி எட்டாவது இடத்தில் முடித்தது. அந்த மூன்று அணிகளும் அந்த வருஷம் முதல் நான்கு இடங்களுக்குள் வந்தவை. இதை வைத்து பாஷாவை மதிப்பிட்டால் நியாயமா? யாரும் கேட்கவில்லை. அடுத்த சீசனுக்குத் தாமஸ் பிரடாரிச் வந்தார்.

இந்தியக் கோச்களுக்கு ஐஎஸ்எல் கதவு பல நேரம் இப்படி நடு சீசனில்தான் திறக்கிறது, அதுவும் மிச்சம் மீதிக்கு. அந்த மிச்சத்தை வைத்தே வாழ்க்கையை மாற்றிக்கொண்டவர் காலித் ஜமில். 2021 ஜனவரியில் நார்த்ஈஸ்ட் யுனைடெட், ஜெரார்ட் நுஸ்ஸை நீக்கியபோது இடைக்காலப் பொறுப்பு அவருக்கு வந்தது. நுஸ் 11 ஆட்டங்களில் 12 பாயின்ட் எடுத்திருந்தார். ஜமில் மீதி 9 லீக் ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்காமல் 21 பாயின்ட் எடுத்து, அணியை அரையிறுதிக்குக் கொண்டுபோனார். ஐஎஸ்எல்லில் அதைச் செய்த முதல் இந்தியக் கோச். அடுத்த சீசனில் நிரந்தரப் பதவி. 2025 ஆகஸ்ட்டில் இந்திய தேசிய அணிக்கே கோச்.

சராசரியில் பெரிய பலன் இல்லை என்று ஆய்வு சொல்லும்போது, ஜமில் மாதிரி ஒருவர் எப்படி வருகிறார்? சராசரி என்பதே சில பெரிய வெற்றிகளும் சில பெரிய தோல்விகளும் சேர்ந்ததுதான். கோச்சுக்கும் ஆட்டக்காரர்களுக்கும் பேச்சுவார்த்தையே அறுந்துபோன இடத்திலோ, இருக்கிற ஆட்களுக்குப் பொருந்தாத ஆட்டமுறையைக் கோச் பிடித்துக்கொண்டு தொங்கும்போதோ மாற்றம் நிஜமாகவே உதவக்கூடும். ஆட்களே சரியில்லாத டீமில் யார் வந்தாலும் கதை அதேதான். வெளியில் இருக்கும் நமக்கு இரண்டும் ஒரே மாதிரித் தெரியும், ஏனென்றால் பாயின்ட் டேபிளில் இரண்டுக்கும் ஒரே எண்தான்.

ஐபிஎல்லில் தலை உருள்வது கேப்டனுக்கு

கிரிக்கெட்டில் நடு சீசனில் கோச்சை அனுப்புவது அபூர்வம். இரண்டு மாத லீக், 14 லீக் ஆட்டம். புது கோச் வந்து பையைப் பிரிப்பதற்குள் சீசன் முடிந்துவிடும். மைதானத்தில் பவுலரை மாற்றுவதும் ஃபீல்ட் வைப்பதும் கேப்டன். அதனால் நாற்காலி அங்கே ஆடும்.

2022 சிஎஸ்கே எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். சீசன் தொடங்க இரண்டு நாள் முன்பு ஜடேஜா கேப்டன் ஆனார். 8 ஆட்டம், 2 வெற்றி. ஏப்ரல் 30 அன்று பொறுப்பு மீண்டும் தோனியிடம். மறுநாளே ஹைதராபாத்துக்கு எதிராக ருதுராஜ் 99, கான்வே 85 நாட் அவுட், வெற்றி. 'தல வந்துட்டாரு' என்று ஊரே ஸ்டேட்டஸ் வைத்தது. கடைசிக் கணக்கு? தோனி தலைமையில் 6 ஆட்டத்தில் 2 வெற்றி. அணி ஒன்பதாவது இடம். அந்த டீமின் சிக்கல் டாஸ் போடப் போனவர் யார் என்பதில் இல்லை.

2021இல் சன்ரைசர்ஸ் இன்னும் கடுமையாகச் செய்தது. 6 ஆட்டத்தில் 1 வெற்றி என்றதும் வார்னரை கேப்டன் பதவியிலிருந்து எடுத்தார்கள். பிறகு ஆடும் லெவனிலிருந்தும் எடுத்தார்கள். வில்லியம்சன் வந்தும் அணி கடைசி இடம்தான். வார்னர் அதே நவம்பரில் டி20 உலகக் கோப்பையின் தொடர் நாயகன் ஆனார். மறுபுறம், 2013இல் ஃபார்மில் இல்லாத பான்டிங் தானே ஒதுங்க, ரோஹித் சர்மா கேப்டனாகி மும்பைக்கு அந்த வருஷமே முதல் கோப்பையை வாங்கிக்கொடுத்தார்.

சிஎஸ்கேவில் ஸ்டீஃபன் ஃபிளெமிங் 2009 முதல் கோச். 2020இல் முதல் முறையாக பிளே-ஆஃப் தவறியது, 2022இல் ஒன்பதாவது இடம், 2025இல் கடைசி இடம். ஒருமுறைகூட சீசன் நடுவில் அவர் நாற்காலி ஆடவில்லை. 2020 சறுக்கலுக்கு அடுத்த வருஷமும், 2022 சறுக்கலுக்கு அடுத்த வருஷமும் அதே கோச்சோடு கோப்பை வந்தது. டெர் வீல் தேடிய 'மாற்றாமல் விட்ட' உதாரணம் நம் சேப்பாக்கத்திலேயே இருக்கிறது. ஐந்து கோப்பை வைத்திருக்கும் கிளப்புக்குக் காத்திருப்பது சுலபம், அது வேற விஷயம்.

கோய்ல் என்ன ஆனார்?

2020 இறுதிப் போட்டிக்குப் பிறகு ஜாம்ஷெட்பூருக்குப் போனார். 2021-22இல் அந்த அணிக்கு லீக் ஷீல்டு வாங்கிக்கொடுத்தார். 2023இல் சென்னையின் எஃப்சி அவரை மறுபடியும் கூப்பிட்டது. முதல் சீசனில் ஆறாவது இடம், பிளே-ஆஃப். 2024-25இல் 24 ஆட்டங்களில் 11 தோல்வி, 27 பாயின்ட், 13 அணிகளில் 11வது இடம்.

அந்த சீசனில் கிளப் நடுவில் யாரையும் மாற்றவில்லை. கடைசி லீக் ஆட்டத்தில் ஜாம்ஷெட்பூரை 5-2 என்று ஜெயித்தபோதும் சைட்லைனில் நின்றுகொண்டிருந்தவர் கோய்ல்தான்.